படை விட்டுச்சென்ற நிலம்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலை. கிழக்கே சென்னை–திருச்சி நெடுஞ்சாலை. அந்த நெடுஞ்சாலையோடு சேலம் சாலை வந்து கூடும் உளுந்தூர்பேட்டைக்கு அருகில், இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் வான்படைக்காகப் போடப்பட்ட விமானத்தளம் ஒன்று, போர் முடிந்து 80 ஆண்டுகள் ஆன பின்னும் முழுதாகப் பயனுக்கு வராமலும் முழுதாக மறைந்துபோகாமலும் கிடக்கிறது. கைவிடப்பட்ட ஓடுதளங்களை மீட்டெடுப்பது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் செட்டிநாடு, கயத்தாறு ஆகியவற்றோடு உளுந்தூர்பேட்டையின் பெயரும் அடிபடுகிறது. அந்தப் பேச்சு பயணிகள் விமானம், விமானிகள் பயிற்சிப் பள்ளி, வேலைவாய்ப்பு என்று வரப்போவதைப் பற்றியே நடக்கிறதே தவிர, படை வெளியேறியபோது நிலம் எந்த நிலையில் விடப்பட்டது என்ற கேள்வி அதில் அரிதாகவே எழுகிறது. புதிய திட்டத்துக்கான சுற்றுச்சூழல் ஆய்வு எதுவானாலும் அது தொடங்க வேண்டிய இடம் இந்தக் கேள்விதான்.

தென்னிந்தியாவில் விமானத்தளங்கள் அவ்வளவு விரைவாக முளைத்ததற்கு 1942-ன் தொடக்க மாதங்கள் காரணம். பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ரங்கூனும் ஜப்பானியரிடம் வீழ்ந்தன. ஏப்ரல் 5 அன்று கொழும்பின் மீதும், மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகியவற்றின் மீதும், 9-ஆம் நாள் திருகோணமலை மீதும் குண்டுகள் விழுந்தன. சென்னையிலிருந்து மக்கள் சாரை சாரையாக வெளியேறினர்; அரசு அலுவலகங்கள் உள் மாவட்டங்களுக்கு மாற்றப்பட்டன. இந்தியா முழுவதும் இருநூறுக்கும் மேற்பட்ட விமானத்தளங்களுக்குத் திட்டமிடப்பட்ட அந்த அவசரத்தில், காற்றின் திசையும் சமதளமும் சாலை வசதியும் பார்க்கப்பட்டனவே ஒழிய, நிலத்தின் நீரோட்டத்தையோ மேய்ச்சலையோ பார்ப்பதற்கு எவருக்கும் நேரமும் இல்லை, அப்படிப் பார்க்கச் சொல்லும் சட்டமும் இல்லை.

போர் முடிந்ததும் இத்தளங்களின் தலைவிதி பலவாறாகப் பிரிந்தது. அரக்கோணத்துத் தளம் 1992-ல் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளியாக மறுபிறவி எடுத்தது. இராமநாதபுரத்தை அடுத்த உச்சிப்புளித் தளம் 2009-ல் ஐ.என்.எஸ். பருந்து ஆனது, தஞ்சாவூர்த் தளம் 2013-ல் வான்படை நிலையமாகி, 2020-ல் சுகோய் விமானப் பிரிவு ஒன்றுக்கு இருப்பிடமாயிற்று. சென்னைக்கு வடக்கே சோழவரத்தின் ஓடுதளத்தில் பல பத்தாண்டுகள் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் நடந்து, இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் வந்ததும் அந்த ஆரவாரமும் அடங்கியது. படைக்குத் திரும்பியவை வேலிக்குள் போய்விட்டன. திரும்பாதவை அந்தந்த ஊரின் நடுவே, ஊராருடையதும் ஆகாமல் நின்றுவிட்டன. உளுந்தூர்பேட்டை இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

ஒரு படைத்தளத்தை மூடுவதும் அதை மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவருவதும் சட்டத்தின் பார்வையில் இரண்டு வேறு செயல்கள் என்பதை மிகத் தெளிவாக வகுத்த நாடு அமெரிக்கா. அங்கு 1970-ன் முதல் நாளில் கையெழுத்தான தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம், அரசின் பெரிய செயல் ஒவ்வொன்றும் சூழலை எவ்வாறு பாதிக்கும் என்று முன்கூட்டியே ஆராய்ந்து வெளியிட வேண்டும் எனக் கட்டாயப்படுத்தியது. பனிப்போர் தணிந்த பின் 1988 முதல் 2005 வரை ஐந்து சுற்றுகளாகத் தளங்கள் மூடப்பட்டபோது, எந்தத் தளத்தை மூடுவது என்ற அரசியல் முடிவுக்கு 1990-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த ஆய்விலிருந்து விலக்கு அளித்தது. ஆனால் மூடிய தளத்தின் நிலத்தை யாருக்கு, எந்தப் பயனுக்குக் கொடுப்பது என்ற அடுத்த கட்டத்தை ஆய்வுக்கு உட்படுத்தியது. அதன்படி, பூங்கா, தொழிற்பேட்டை, குடியிருப்பு, விமான நிலையம் என்று கைவசமுள்ள வாய்ப்புகள் பலவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க வேண்டும். எதுவும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் அவற்றோடு சேர்த்து எழுத வேண்டும். குடித்தனக்காரர் காலி செய்யும்போது வீட்டுக்காரர் சுவரையும் குழாயையும் பார்த்துவிட்டுச் சாவியை வாங்குவது போல, மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதித்து, மாசுபட்ட துண்டு எது, சுத்தமான துண்டு எது என்று பிரித்த பிறகே நிலம் கைமாறும்.

இதன் நல்ல விளைவுக்குச் சான்றாகச் சான் பிரான்சிஸ்கோவின் பிரெசிடியோவைச் சொல்லலாம். ஸ்பானியர் 1776-ல் நிறுவிய அந்தப் படைத்தளத்தை அமெரிக்க ராணுவம் 1994-ல் விட்டு வெளியேற, நிலம் தேசியப் பூங்காத் துறைக்கு வந்தது. அதன் ஓரத்தில் கடலை ஒட்டி இருந்த கிரிஸ்ஸி ஃபீல்டு என்ற பழைய ராணுவ விமானத்தளம், முன்பு கடல்நீர் ஏறி இறங்கும் சதுப்பு நிலமாக இருந்து மண் கொட்டி மேடாக்கப்பட்ட இடம். மாசுபட்ட மண்ணை அகற்றி, ஒரு பகுதியில் சதுப்பை மீண்டும் வெட்டி உருவாக்கி, இன்னொரு பகுதியில் 1920-களின் புல் ஓடுதளத்தை வரலாற்றுச் சின்னமாகத் திருத்தி, 2001-ல் மக்களுக்குத் திறந்தனர். நீர்நிலையா வரலாறா என்று சண்டை போடாமல் இரண்டுக்கும் இடம் ஒதுக்க முடிந்ததற்கு, முடிவெடுக்கும் முன்பே நிலத்தின் பழைய வரைபடத்தை மேசைமேல் விரித்திருந்ததுதான் காரணம்.

எதிர்ச்சான்றும் அதே அமெரிக்கப் படையினுடையதே. பிலிப்பைன்ஸின் கிளார்க் வான்படைத் தளத்தை 1991-ல் பினாடுபோ எரிமலை வெடிப்பை அடுத்தும், சூபிக் கடற்படைத் தளத்தை 1992 நவம்பரிலும் அமெரிக்கா காலி செய்தது. 1947-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து ஒப்படைக்கும் கடமை அதற்கு இல்லை. எரிமலையால் வீடிழந்த குடும்பங்கள் கைவிடப்பட்ட கிளார்க் தளத்துக்குள்ளேயே தங்கவைக்கப்பட்டு அங்கிருந்த கிணற்று நீரைக் குடித்தன. பிறகு எழுந்த நோய்ப் புகார்களும் வழக்குகளும் ஆண்டுக்கணக்கில் நீண்டன. 1940-களில் இந்தியாவை விட்டுப் போன படையும் இதேபோல எந்தக் கணக்கும் ஒப்படைக்காமல்தான் போனது. அன்று கணக்குக் கேட்கும் வழக்கம் உலகில் எங்கும் தோன்றியிருக்கவில்லை என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிட வேண்டும்.

இந்தியச் சட்டம் இவ்விடயத்தில் எங்கே நிற்கிறது? 2006 செப்டம்பர் 14 அன்று வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, முன் அனுமதி பெற வேண்டிய தொழில்களையும் கட்டுமானங்களையும் ஓர் அட்டவணையாகத் தருகிறது. அவ்வட்டவணையில் விமான நிலையம் உண்டு, தொழிற்பேட்டை உண்டு, 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்கள் உண்டு. படைத்தளத்தை மூடுதல் என்று ஓர் இனம் இல்லை. அதாவது, இங்கே ஆய்வைத் தூண்டுவது நிலத்தில் புதிதாக எழப்போகும் கட்டடமே தவிர, நிலத்தில் ஏற்கெனவே தங்கிப்போனது எதுவும் அல்ல. கல்லூரியோ கிடங்கோ அந்த அளவுக்குக் கீழே இருந்தால், பழைய ராணுவ நிலத்தில் எந்தக் கேள்வியும் இல்லாமல் அஸ்திவாரம் தோண்டலாம்.

விமானத்துக்கே அந்த நிலம் திரும்பினாலும் ஒரு சந்து இருக்கிறது. வணிகப் பயன்பாட்டுக்கான ஓடுதளங்களையும் அட்டவணைக்குள் கொண்டுவந்த 2009 டிசம்பர் திருத்தம், எரிபொருள் நிரப்பும் வசதியும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு ஏற்பாடும் இல்லாத ஓடுதளங்களுக்கு விலக்கு என்று ஒரு குறிப்பையும் சேர்த்தது. சிறு விமானங்கள் ஏறி இறங்கும் எளிய ஓடுதளமாக மட்டும் உளுந்தூர்பேட்டை மீட்கப்பட்டால், இந்தக் குறிப்பின் நிழலிலேயே அது முழு ஆய்விலிருந்தும் ஒதுங்கிக்கொள்ளலாம். வயல்வெளியில் புதிதாகப் போடும் சிறு ஓடுதளத்துக்கு இந்த விலக்கு ஒருவேளை பொருந்தலாம். படை இருந்த பழைய இடத்துக்கு அதே விலக்கைத் தருவது, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கும் வாய்ப்பையே அடைத்துவிடுகிறது.

இனி, மண்ணுக்குள் எதைத் தேட வேண்டும் என்பது. இது தளம் எந்தக் காலத்தில் இயங்கியது என்பதைப் பொறுத்தது. இன்று உலகின் ராணுவ விமானத்தளங்களில் பெரிதாகப் பேசப்படுவது, தீயணைப்பு நுரையில் கலந்திருக்கும் அழியாத ஃபுளோரின் சேர்மங்கள். அந்த நுரை 1960-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. 1940-களோடு நின்றுபோன தளத்தில் அதைத் தேடிப் பணத்தைக் கரைப்பது வீண். தேட வேண்டியவை வேறு. அன்றைய விமானப் பெட்ரோலில் எஞ்சின் சீராக எரிவதற்காக ஈயச் சேர்மம் கலக்கப்பட்டது. பெட்ரோல் ஆவியாகிப் போனாலும் ஈயம் மேல்மண்ணைப் பிடித்துக்கொண்டு தலைமுறைகள் தாண்டியும் நிற்கும். கழிவு எண்ணெய் கொட்டிய குழிகள், எஞ்சின் பாகங்களைக் கழுவிய கரைப்பான்கள், கல்நார் கலந்த கூரைத் தகடுகள், கொசுவுக்கு அடித்த மருந்துகள், வெடிக்காமல் புதைந்த தோட்டாக்கள் ஆகியவை இத்தகைய தளங்களில் பொதுவாக எதிர்பார்க்கப்படுபவை. இவற்றில் எது உளுந்தூர்பேட்டையில் இருக்கிறது, அல்லது எதுவுமே இல்லை என்பதை மண் மாதிரியே சொல்லும். எரிபொருள் கிடங்கு, பழுதுபார்க்கும் கொட்டகை, விமானங்கள் நிறுத்திய திட்டுகள் ஆகியவற்றின் இடங்களைப் பழைய வரைபடத்திலிருந்து குறித்துக்கொண்டு, அங்கெல்லாம் ஓரடி, மூன்றடி ஆழங்களில் மண் எடுத்து, சுற்றுக் கிணறுகளின் நீரையும் சோதித்தால் போதும். பெருந்தொகை தேவைப்படாத வேலை இது.

கிணற்று நீரைச் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் பெரும்பகுதி கெட்டிப்பாறை நிலம். மேல்மண்ணுக்குக் கீழே சிதைந்த பாறை அடுக்கிலும் அதன் அடியிலுள்ள பிளவுகளிலும் தேங்கும் நீரே கிணறுகளுக்கும் ஆழ்துளைக் கிணறுகளுக்கும் ஆதாரம். மணற்பாங்கான நிலத்தில் மாசு பரவலாக, மெதுவாக நகரும். பாறைப் பிளவில் அது எந்தப் பக்கம் போகும் என்பதைத் தரைமட்டச் சரிவை வைத்துக் கணிக்க முடியாது. ஓடுதளத்தின் அருகிலுள்ள கிணறு நன்றாக இருந்து, சற்றுத் தள்ளியுள்ள கிணறு கெட்டிருக்கவும் கூடும்.

மேல்நீரின் கணக்கு இன்னும் விரிவானது. கல்வராயன் மலை இக்கதைக்குள் வருவதும் இங்கேதான். அம்மலையில் பெய்யும் மழைதான் கோமுகி, மணிமுக்தா ஆறுகளாக இறங்கி, இரண்டு அணைகளிலும் எண்ணற்ற ஏரிகளிலும் தங்கி, வெள்ளாற்றுப் படுகைக்குப் போய்ச் சேர்கிறது. சுந்தரர் பிறந்த திருநாவலூரைத் தொட்டுக்கொண்டு ஓடும் கெடிலம் உளுந்தூர்பேட்டை வட்டத்தின் இன்னொரு நீர்வழி. இந்த ஆறுகளுக்கு இடையிலான சமவெளியில் ஏரிகள் சங்கிலியாகக் கோக்கப்பட்டவை: மேல் ஏரி நிரம்பிக் கலிங்கு வழிந்தால் அந்த நீர் வாய்க்கால் வழியே கீழ் ஏரிக்கு வரத்தாகும். அத்தகைய நிலத்தின் குறுக்கே வளையாத, தாழாத ஒரு நேர்க்கோட்டைப் போடுவதுதான் ஓடுதளம்.

அன்றைய கனரக விமானங்களுக்குப் பிரிட்டிஷ் வான்படை வழக்கமாகக் கொண்ட ஓடுதள அளவு 2,000 கெஜ நீளம், 50 கெஜ அகலம். அதை இன்றைய அளவில் கணக்கிட்டால் ஏறத்தாழ 20 ஏக்கர்; அவ்வளவு பரப்பில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 8 லட்சம் லிட்டருக்கு மேற்பட்ட நீர் மண்ணுக்குள் இறங்க வழியின்றி ஓரங்களுக்கு ஓடும். எண்பது ஆண்டுகளில் அந்த நீர் தனக்கென ஒரு பாதையை அமைத்துக்கொண்டிருக்கும். அதன் கடைசியில் ஏதோ ஒரு குட்டையும், அதை நம்பி ஆடு மாடுகளும் இருக்கக்கூடும். ஓடுதளத்தை நீட்டி, சுற்றுச்சுவர் எழுப்பி, வடிகாலைத் திருப்பினால் எந்த ஏரியின் வரத்து குறையும், எந்தத் தெரு வெள்ளத்தில் நிற்கும் என்பதை, பொதுப்பணித் துறையின் பழைய ஏரிக் குறிப்புகளையும் புல வரைபடத்தையும் வைத்துக்கொண்டு வடகிழக்குப் பருவமழையின்போது நேரில் நடந்து பார்த்தால்தான் எழுத முடியும். ஆய்வறிக்கைகளின் மிகப் பலவீனமான அத்தியாயம் வழக்கமாக இதுவே. கோடையில் ஒரு பருவம் மட்டும் தரவு சேகரித்துவிட்டு, வறண்டு கிடக்கும் வாய்க்காலை வாய்க்காலே இல்லை என்று எழுதிவிடும் ஆபத்து அதில் இருக்கிறது.

உயிரினங்களைப் பொறுத்தவரை, நீண்ட காலம் உழப்படாத, கட்டப்படாத திறந்தவெளி என்பது சமவெளி மாவட்டங்களில் அருகிவரும் பொருள். ஆள்காட்டி, வானம்பாடி, கௌதாரி போன்றவை புல்லும் முள்புதரும் கலந்த வெளியில் தரையில் கூடு வைப்பவை. பெர்லினின் டெம்பெல்ஹோஃப் விமான நிலையம் 2008-ல் மூடப்பட்ட பின், அதன் புல்வெளியில் வானம்பாடிகள் கூடு கட்டும் பகுதி வேலியிட்டுக் காக்கப்படுகிறது. 2014-ல் நடந்த பொது வாக்கெடுப்பில் அவ்வெளியில் கட்டடமே கூடாது என்று நகரத்தார் தீர்ப்பளித்தனர். உளுந்தூர்பேட்டையில் பறவைகளின் கணக்கு விமானப் பாதுகாப்புக்காகவும் தேவை. ஏரிகள் சூழ்ந்த இடத்தில் கொக்கும் நாரையும், புதர் சூழ்ந்த இடத்தில் மயிலும் ஓடுதளத்துக்கு வரும். மயில் சட்டத்தின் உச்சப் பாதுகாப்பைப் பெற்ற பறவை என்பதால் அதை விரட்டுவதும் எளிதன்று.

நிலம் யாருடையது என்பது சுற்றுச்சூழல் ஆய்வுக்கு வெளியே உள்ள கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் போர்க்காலத் தளங்களில் அதைத் தள்ளிவைக்க முடியாது. 1939-ஆம் ஆண்டு இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அரசு நிலத்தை இரண்டு வகையில் எடுத்தது: போர் முடியும்வரை வாடகை தந்து வைத்துக்கொள்ளும் தற்காலிகக் கைக்கொள்ளல் ஒன்று, இழப்பீடு தந்து நிரந்தரமாக வாங்கும் கையகப்படுத்தல் மற்றொன்று. முதல் வகை நிலம் உரியவருக்குத் திரும்ப வேண்டியது. இரண்டாம் வகை அரசிடமே தங்கும். எந்தப் புல எண் எந்த வகையில் எடுக்கப்பட்டது, அதற்கு முன் அது பட்டா நிலமா, மேய்க்கால் புறம்போக்கா, ஏரிப் புறம்போக்கா என்பதை அ-பதிவேடும் அடங்கலும் அன்றைய அரசாணைகளும் சொல்லும். அந்தக் காகிதங்களைத் தேடுவதே ஒரு பயணம். போரின்போது இப்பகுதி கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென் ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993-ல் விழுப்புரத்துக்கும், 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சிக்கும் மாறியது. கோப்புகள் மூன்று ஆட்சியரகங்களிலும் சென்னை ஆவணக் காப்பகத்திலும் சிதறியிருப்பதுதான் இயல்பு. தளங்களின் அன்றாட நடவடிக்கைப் பதிவுகள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன; எரிபொருள் கிடங்கு எங்கே இருந்தது என்று தேடுபவருக்கு அவை மண் மாதிரிக்கு அடுத்தபடி பயன்படும்.

நிலம் யாருடையது என்ற கேள்வியைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழர்கள் பாக்கு நீரிணைக்கு அப்பால் பார்த்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தின் பலாலித் தளமும் பிரிட்டிஷ் வான்படை அதே போரில் அமைத்ததே. 1990-ல் அதைச் சுற்றி உயர்பாதுகாப்பு வலயம் விரிந்தபோது வலிகாமம் வடக்கின் மக்கள் ஊரோடு பெயர்ந்தனர். 2009-க்குப் பின் நிலம் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டது. 2019 அக்டோபரில் பலாலி பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பின்னும் தங்கள் காணியைக் கேட்கும் குடும்பங்களின் குரல் ஓயவில்லை. விமான நிலையம் வேண்டும் என்பதும் காணி திரும்ப வேண்டும் என்பதும் ஒரே ஊரின் இரண்டு கோரிக்கைகளாக அங்கே நிற்கின்றன. உளுந்தூர்பேட்டையின் கதை அவ்வளவு கொடியதன்று, இரண்டையும் ஒரே தட்டில் வைக்கவும் முடியாது. உரிமைக் கணக்கை முதலில் தீர்க்காத இடத்தில் மறுபயன்பாட்டுத் திட்டம் எதுவும் நிம்மதியாக நடக்காது என்ற அளவில் மட்டும் பலாலி இங்கே பொருந்தும்.

வரலாற்றுச் சின்னம் என்ற முறையில் இந்தத் தளத்துக்கு இன்று மத்தியச் சட்டப் பாதுகாப்பும் கிடைக்காது. 1958-ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டம் குறைந்தது 100 ஆண்டு பழமையைக் கேட்கிறது; 1940-களின் கட்டுமானம் அந்த வயதை எட்ட இன்னும் ஏறத்தாழ இரண்டு பத்தாண்டுகள் ஆகும். அமெரிக்காவின் தேசியப் பதிவேட்டில் பொதுவாக 50 ஆண்டுகள் போதும். பராமரிப்பில்லாத போர்க்காலக் கட்டடம் நூறாவது பிறந்தநாள் வரை காத்துக்கொண்டிருக்காது என்பதால், எஞ்சியிருப்பதை அளந்து, படமெடுத்து, வரைந்து வைக்கும் வேலையையாவது தாக்க மதிப்பீட்டோடு சேர்த்துவிடுவது நல்லது.

மாற்று வழிகளைப் பற்றியும் ஓர் அறிக்கை நேர்மையாகப் பேச வேண்டும். ஒரு பக்கம், பரந்தூரில் நீர்நிலைகளையும் விளைநிலங்களையும் எடுத்துப் புதிய விமான நிலையம் கட்டுவதை எதிர்த்து மக்கள் போராடும் மாநிலத்தில், ஏற்கெனவே ஓடுதளமாக இருக்கும் நிலத்தைப் பயன்படுத்துவது அறிவான செயல் என்ற வாதத்துக்கு வலு உண்டு. மறுபக்கம், சிறு நகரங்களுக்கு விமானச் சேவை தருவதற்காக 2016-ல் அறிவிக்கப்பட்ட உடான் திட்டத்தில் இடம்பெற்ற நெய்வேலியும் வேலூரும் பயணிகள் விமானத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த கதை எல்லோருக்கும் தெரியும். சேலம் விமான நிலையத்திலும் சேவை நின்று நின்றுதான் நடந்திருக்கிறது. நெய்வேலி, சேலம், புதுச்சேரி, திருச்சி ஆகிய நான்குக்கும் நடுவில் இன்னொன்று எவ்வளவு பயணிகளை ஈர்க்கும்? தைவானின் பௌ சென் நிறுவனம் 2,302 கோடி ரூபாய் முதலீட்டில் காலணித் தொழிற்சாலை அமைக்க 2023-ல் ஒப்பந்தம் செய்ததை அடுத்து, உளுந்தூர்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையால் போக்குவரத்து பெருகும் என்பார் உண்டு. பெருகலாம், ஆனால் சரக்கு லாரிக்கும் சென்னைத் துறைமுகத்துக்கும் பெருகுவது விமானத்துக்கும் பெருகும் என்பதற்கு உத்தரவாதமில்லை. விமானமே வராத விமான நிலையத்துக்காக ஒரு ஏரியின் வரத்தை இழப்பதைவிட, அந்த வெளியை மேய்ச்சலுக்கும் பறவைக்கும் அறுவடைக் காலத்து மக்காச்சோளக் களத்துக்கும் விட்டுவைப்பது மாவட்டத்துக்கு அதிக லாபம் என்று ஆய்வு சொன்னால், அதையும் ஏற்கும் மனம் வேண்டும்.

ஓடுதள மீட்பு முழு ஆய்வுக்குட்பட்ட திட்டமாக வந்தால் ஊராருக்கு ஒரு வாய்ப்புக் கிடைக்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குறைந்தது 30 நாள் அவகாசத்துடன் நாளிதழ்களில் அறிவித்து, அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழிலும் பார்வைக்கு வைத்து, மாவட்ட ஆட்சியர் அல்லது அவருடைய பிரதிநிதியின் தலைமையில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். அங்கே சொல்லப்படுவது அத்தனையும் பதிவாகி மதிப்பீட்டுக் குழுவுக்குப் போக வேண்டும். படை அந்த நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு, தேசப் பாதுகாப்புத் திட்டம் என்று மத்திய அரசு முடிவு செய்தால் இந்தக் கூட்டமும் கிடையாது. ஓடுதளம் விலக்குக் குறிப்புக்குள் நுழைந்துகொண்டாலும் கிடையாது.

எந்தத் திட்டத்துக்கும் காத்திராமல் செய்யக்கூடிய ஒரு வேலையைச் சட்டம் அண்மையில் திறந்துவிட்டிருக்கிறது. கொடைக்கானலின் பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 2001-ல் மூடப்பட்ட பின், மண்ணை எந்த அளவுவரை சுத்தம் செய்வது என்ற வாக்குவாதம் பல்லாண்டுகள் நீண்டதற்கு, மூடிய இடங்களுக்கென்று தனி விதி இல்லாததும் ஒரு காரணம். அந்தக் குறையை ஓரளவு தீர்க்கும் வகையில், மாசுபட்ட இடங்களை நிர்வகிக்கும் விதிகளை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 ஜூலையில் வெளியிட்டது. மாசு இருக்கலாம் என்று ஐயப்படும் இடங்களை மாவட்ட நிர்வாகம் பட்டியலிட்டு அனுப்ப, மாநில வாரியம் முதற்கட்டச் சோதனையும் தேவைப்பட்டால் விரிவான சோதனையும் செய்ய அவ்விதிகள் வழி செய்கின்றன. மாசுக்குக் காரணமானவரைக் கண்டுபிடிக்க முடியாத இடங்களில் செலவை அரசுகள் ஏற்கும் ஏற்பாடும் அவற்றில் இருக்கிறது. உளுந்தூர்பேட்டை ஓடுதளத்தை அந்தப் பட்டியலில் சேர்க்க டெல்லியிலிருந்து திட்டம் எதுவும் வர வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சி ஆட்சியரகத்திலிருந்து ஒரு கடிதம் போனால் வேலை தொடங்கிவிடும்.